நீல அட்டைக்கு எழுதியது

முதல் விண்ணப்பத்தை ஜானைன் உள்ளது உள்ளபடி எழுதினாள். அதனால்தான் அது திரும்பி வந்தது.

மகள் டாம்சினுக்கு வயது பதினான்கு, ஆட்டிசம் உள்ளவள். கூட்டமும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்தால் சில நாள் தாங்க மாட்டாள். எதிரே வருவது காரா லாரியா என்று பார்க்காமல் ஓடிவிடுவாள். பல நாள் சமர்த்தாக நடப்பாள். நிற்கிற கார்களின் நம்பர்களை வாசித்துக்கொண்டே கடற்கரைச் சுவர் வரை தனியாக முன்னால் போய், அங்கே நின்று அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். இரண்டையும் ஜானைன் எழுதியிருந்தாள். பல நாள் சமர்த்தாக நடக்கிற பெண்ணுக்கு நீல அட்டை தேவைப்படாது என்று ஊர் நிர்வாகமான கவுன்சில் மிக மரியாதையாகப் பதில் போட்டது.

அந்த அட்டையைக் காரின் முன்கண்ணாடியில் தெரியும்படி வைத்தால், கடை வாசலை ஒட்டியே, கதவை அகலத் திறக்க இடம் விட்டுக் கோடு போட்ட இடத்தில் வண்டியை நிறுத்தலாம். முன்பெல்லாம் நடக்க முடியாதவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். வெளியே தெரியாத குறை உள்ளவர்களுக்கும் உண்டு என்று இங்கிலாந்தில் பிறகு விதி வந்தது. விதி வந்ததே ஒழிய ஜானைனுக்கு அட்டை வந்தபாடில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு லொரெய்னிடம் போனாள். வியாழக்கிழமைதோறும் தேவாலயக் கூடத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு டீ போட்டுக் கொடுத்து, பதினோரு குடும்பங்களுக்கு அட்டை வாங்கிக் கொடுத்த கைராசிக்காரி லொரெய்ன்.

"நீ என்ன ஸ்கூல் ரிப்போர்ட்டா எழுதுற?" என்றாள் அவள், விண்ணப்பத்தின் நகலைப் படித்துவிட்டு. "சமர்த்தா நடப்பாளாம், நம்பரெல்லாம் வாசிப்பாளாம். ஏன்டி தங்கம், இதைப் படிச்சா எனக்கே அவளுக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுக்கலாம்னு தோணுது."

"அவ அப்படியும் இருக்காளே, லொரெய்ன்."

"இருக்கட்டும். உள்ளதுலயே மோசமான நாள் எதுவோ அதை எடு. தினமும் அதுதான்னு எழுது. நாங்க எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். படிக்கிறவனுக்கும் அது தெரியும்."

அழுத பிள்ளைக்குத்தான் பால். ஜானைனுக்கு மோசமான நாளைத் தேட வேண்டியிருக்கவில்லை. போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, கடை முற்றத்தில் யாருடைய காரோ அலாரம் அடிக்க, டாம்சின் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஒரு வேன் இரண்டு சாண் தூரத்தில் கிறீச்சிட்டு நின்றது. தன் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட பெண்ணைத் தரையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஜானைன் அரை மணி நேரம் ஈரத்தில் கிடந்தாள். சுற்றி நின்றவர்களில் ஒருவர் படம் எடுத்தார்.

மகள் பள்ளிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் உட்கார்ந்து எழுதினாள். ஒவ்வொரு முறையும் ஓடுவாள். கையைப் பிடிக்காமல் ஓரடிகூட நடக்க முடியாது. ஆபத்து என்பதே அவளுக்குப் புரியாது. தனியாக என்றைக்குமே நடக்க மாட்டாள். எழுத எழுத அழுகை வந்தது. 'மேற்கண்ட அனைத்தும் உண்மை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஐந்தே வாரத்தில் அட்டை வந்தது. பின்பக்கம் டாம்சினின் புகைப்படம், முன்பக்கம் காலாவதித் தேதி: மூன்று வருடம் தள்ளி, மே பதினேழு. முதல் சனிக்கிழமை கடற்கரைச் சுவரை ஒட்டியே வண்டியை நிறுத்தியபோது ஜானைனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அந்த நிம்மதியில் தப்பொன்றும் இல்லை. நகலைக் கிழித்துப் போடாமல் சமையலறை இழுப்பறையில் செருகி வைத்ததுதான் தப்பு.

ஒரு ஞாயிறு காலை டாம்சின் ஒட்டுநாடா தேடி அந்த இழுப்பறையைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு கையில் அந்த நகலோடும் மறுகையில் தன் நோட்டோடும் வந்து நின்றாள். எட்டு வயதிலிருந்தே காரில் போகிற ஒவ்வொரு பயணத்தையும் அவள் அந்த நோட்டில் எழுதி வருகிறாள்: தேதி, நிறுத்திய இடம், தனியாக எத்தனை அடி நடந்தாள் என்பது.

"ம்மா, இதுல நாலு தப்பு இருக்கு."

ஜானைனின் கையில் டீக்கோப்பை இருந்தது. அதை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஒவ்வொரு முறையும் ஓடுவேன்னு எழுதியிருக்க. நாம வெளிய போனது ஐந்நூத்திப் பன்னெண்டு தடவை. நான் ஓடினது ஒம்போது."

"ஃபாரத்துக்கு அப்படித்தான் எழுதணும், கண்ணு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"பொய் சொன்னா குற்றம்னு இதுலயே அச்சடிச்சிருக்கு. நீ கையெழுத்துப் போட்டிருக்க."

"அந்த ஒம்போது தடவை போதாதா, டாம்? அந்த வேன் ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்கு. போதும்தான். அப்ப ஒம்போதுன்னே எழுதியிருக்கலாமே. என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

அவளைக் கேட்க வேண்டும் என்பது ஜானைனுக்குத் தோன்றவே இல்லை. லொரெய்னைக் கேட்டாள், பள்ளியைக் கேட்டாள், டாக்டரைக் கேட்டாள்; யாரைப் பற்றி எழுதினாளோ அவளை விட்டுவிட்டாள். முதல் விண்ணப்பத்தில் 'சில நாள்' என்று மழுப்பிய இடத்தில் தேதி வாரியாக ஒன்பது வரிகள் இருந்திருந்தால் கவுன்சில் என்ன சொல்லியிருக்குமோ, இனி தெரியப்போவதில்லை.

"உன்னை ஜெயில்ல போடுவாங்களா?" என்று கேட்டாள் டாம்சின்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

டாம்சின் அதை நம்பியதாகத் தெரியவில்லை. நகலை நான்காக மடித்துத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை, கடற்கரையில் வண்டி நின்றபின் அவள் இறங்கவில்லை. ஜானைன் சுற்றி வந்து கதவைத் திறந்தாள்.

"கையைப் பிடி," என்றாள் டாம்சின்.

"என்னடா இது, இங்க ஒரு ஈ காக்காகூட இல்லையே. எப்பவும் போல நீ முன்னால போ."

"போக முடியாது. கையைப் பிடிக்காம ஓரடிகூட நடக்க மாட்டேன்னு எழுதியிருக்க. நான் தனியா நடந்து யாராவது பாத்துட்டா, நீ எழுதினது பொய்யாயிடும்." கொஞ்சம் யோசித்தாள். "ஓடுறது மட்டும் என்னால வேணும்னே செய்ய முடியாது, ம்மா. மத்த மூணையும் செய்யறேன்."

யாராவது தொட்டாலே கூசுகிற பெண் அவள். உதட்டைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினாள். ஜானைன் பிடித்தாள். வேறென்ன செய்வாள்?

அதன்பிறகு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கவுன்சிலுக்கு உண்மையை எழுதிவிடுகிறேன் என்றாள். "எழுதினா அட்டை போயிடும். பத்தாவது தடவை வேன் வந்தா?" என்று கேட்டாள் டாம்சின். ஜானைன் எழுதவில்லை. லொரெய்னிடம் போய்ச் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். பிறகு தன் மகனுக்காக எழுதிய விண்ணப்பம் வீட்டில் எங்கே கிடக்கிறது என்று யோசிக்கத் தொடங்கினாள்.

செப்டம்பரில் ஒரு நாள் ஜானைன் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு, பழைய நாட்களைப்போல் தொலைவில், சாதாரண இடத்தில் காரை நிறுத்தினாள்.

"இன்னைக்கு அட்டை எடுத்துட்டு வரலை, டாம். நீ நடக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"வீட்ல இருந்தாலும் அட்டை அட்டைதான். மே பதினேழு வரைக்கும் செல்லும். இன்னும் ரெண்டு வருஷம் எட்டு மாசம்."

கை நீண்டது. இருவரும் கடற்கரைச் சுவர் வரை அந்த நீண்ட தூரத்தைச் சேர்ந்தே நடந்தார்கள். வழியில் நின்ற ஒரு காரின் நம்பரைக்கூட டாம்சின் வாசிக்கவில்லை. சுவரருகே ஒரு கிழவர், பிள்ளை எவ்வளவு அடக்கமாக வருகிறது என்று பாராட்டினார். ஜானைனுக்கு அவர் மூஞ்சியில் குத்த வேண்டும்போல் இருந்தது. குத்து விழ வேண்டியது தன் மூஞ்சியில்தான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் டாம்சின் நோட்டைத் திறந்தாள். ஜானைன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தேதியும் இடமும் வழக்கம்போல் எழுதினாள். முன்பெல்லாம் தனியாக நடந்த அடிகளை எழுதும் கட்டத்தில், 'அம்மா எழுதினபடி' என்று எழுதி நோட்டை மூடினாள்.