தூங்கப் போன கொடி

ஓடைப்பட்டியில் கோட்டைச்சாமியின் திராட்சைத் தோட்டம் மார்கழி பிறந்ததும் உறைந்துபோனது. அவருடைய மண் மட்டும்தான். வரப்புக்கு அந்தப் பக்கத்து வாழை வழக்கம்போலக் குலை தள்ளிக்கொண்டிருந்தது. மண்வெட்டியைப் போட்டால் டங்கென்று எகிறியது. பந்தலின் கல்தூண்கள் ஒரு முழம் மேலே எழும்பின. கொடிகள் இலையெல்லாம் உதிர்த்து வெறும் குச்சியாக நின்றன. ஊர்க்காரர்கள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் பால் கேன்களைக் கொண்டுவந்து கெடாமலிருக்க அங்கே வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

கோட்டைச்சாமிக்குத்தான் மானப் பிரச்சினை. சுற்றுவட்டாரத்தில் எவர் கொடியில் இலை சுருண்டாலும் அவர்தான் டாக்டர். கூப்பிடாவிட்டாலும் போவார். காய் வெட்டிய கையோடு கிளை கழிக்கும் கவாத்து, உரம், தண்ணீர், மறுபடி காய் என்று கொடியை மூச்சுவிட விடாமல் வேலை வாங்குவது இந்தப் பக்கத்துப் பழக்கம். சும்மா நிற்கும் கொடியை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. பார்க்காததைச் செத்தது என்று சொல்லிவிடுவது டாக்டருக்கு வசதி. கொடி பட்டுப்போச்சு, பிடுங்கிவிட்டுத் தென்னை வைக்கப்போகிறேன் என்று டீக்கடையில் அறிவித்துவிட்டார்.

கேள்விப்பட்ட மனைவி மூக்கம்மாள் தோட்டத்துக்கு ஓடிவந்தாள். கல்யாணமான வருஷம் அவள் கையால் ஊன்றிய கொடிகள் அவை.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டுங்க. ஒங்ககிட்ட சோறா கேட்டுச்சு?" என்றாள்.

நாலு பேர் காதில் விழுந்த சொல்லை எப்படித் திரும்ப விழுங்குவது? பொக்லைன் வந்தது. முதல் கடியிலேயே அதன் பல் உடைந்தது. மண் அசைந்து கொடுக்கவில்லை. டிரைவர் டாக்டரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

பங்குனி வெயிலில் மண் இளகியது. தூண்கள் கொஞ்சம் கோணலாகத் திரும்ப இறங்கின. ஒரு காலையில் பார்த்தால் கணுவுக்குக் கணு பச்சை. மூக்கம்மாள் கொடியைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோட்டைச்சாமியும் அழுதார், பூச்சிமருந்து கண்ணில் பட்டுவிட்டது என்றார்.

"மருந்தடிச்சு மூணு மாசமாச்சு" என்றாள் அவள்.

அன்றைக்கு டீக்கடைக்கு அவரே போய்ச் சொன்னார்: "தூங்குறதுக்கும் சாகுறதுக்கும் வித்தியாசம் தெரியாத டாக்டரு நான். இனிமே எவனும் என்னையக் கூப்புடாதீக."

அதற்குப் பிறகு மார்கழிதோறும் தோட்டம் தூங்கப் போகிறது, அவரும் கவாத்துக் கத்தரியைப் பரணில் போட்டுவிடுகிறார். போன வருஷம் மூக்கம்மாளும், கல்யாணமான நாளிலிருந்து தானும் ஓயாமல் காய்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிப் பாயை விரித்துவிட்டாள். கோட்டைச்சாமி அவளை எழுப்பவில்லை. இப்போதெல்லாம் மார்கழி முதல் பங்குனி வரை சமையல் அவர்தான். குழம்பில் உப்புதான் இன்னும் பிடிபடவில்லை.