இளையவன் எடுத்த பங்கு

அண்ணன் பச்சியப்பனின் வெள்ளைக் கார் காலை ஆறரை மணிக்குக் கிணற்று மேட்டில் வந்து நின்றால், சென்றாயனுக்கு அன்று குடித்த டீ வயிற்றில் தங்காது. அண்ணன் இறங்குவார். சலவை வேட்டி கசங்காமல் கிணற்றுச் சுவரில் ஒரு காலை வைத்து, தம்பியும் தம்பி பெண்டாட்டி ராஜாமணியும் மல்லிகை பறிப்பதை அரைமணி நேரம் பார்ப்பார். பிறகு போய்விடுவார். காரைக் காட்டத்தான் வருகிறார் என்பதில் சென்றாயனுக்குச் சந்தேகமே இல்லை. நல்லம்பள்ளியில் மாடி வீடு கட்டிக் குடிபோன மனிதருக்கு வேறென்ன வேலை இங்கே?

அப்பா இறந்த வருஷம் பாகம் பிரித்தார்கள். மூத்தவர் பிரிக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பச்சியப்பன் கிணற்றோடு சேர்ந்த மூன்று ஏக்கர் செம்மண்ணை ஒரு பங்காக வைத்தார். கொள்ளு விதைத்தால்கூடக் கல்லில் முட்டிக்கொள்ளும் ஏழு ஏக்கர் மேட்டாங்காட்டை இன்னொரு பங்காக வைத்தார். சென்றாயன் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கிணற்றை எடுத்துக்கொண்டான். மாமனார் அவன் சாமர்த்தியத்தை ஊரெல்லாம் சொல்லி மெச்சினார். பதினோரு வருஷம் அண்ணனை அவன் கொஞ்சம் இளக்காரமாகவே பார்த்து வந்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம்தான் கம்பெனி வந்தது. மயானத்துக்கு ரோடு கேட்டு ஊர் கொடுத்த மனுக்கள் பத்து வருஷமாக எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தன. கம்பெனி இடம் கேட்டதும் ஒரே வாரத்தில் மூன்று ஜீப் வந்தது. அது கேட்ட மின்சாரம், கேட்ட தண்ணீர், கேட்ட அகலத்தில் சாலை. பயிர் இருக்கும் பாசன நிலத்தை மட்டும் தொடமாட்டோம் என்று அதிகாரிகள் பெருந்தன்மையாகச் சொன்னார்கள். ஆகவே மேட்டாங்காடு போனது, அதற்கு வந்த தொகையைக் கேட்டு ஊர் வாயைப் பிளந்தது. மல்லிகைத் தோட்டம் அப்படியே நின்றது.

கல்யாண வீடுகளில் தனக்குப் போட்ட முன்வரிசை நாற்காலி இப்போது அண்ணனுக்குப் போவதை சென்றாயன் பார்த்தான். அண்ணி சுகுணாவின் கழுத்தில், அண்ணன் மகனின் செல்போனில், அந்த வீட்டு நாய் போட்டிருந்த தோல்பட்டையில்கூட அவன் கண் போய் ஒட்டிக்கொண்டது. அநியாயம் என்று சொல்லிப் பார்த்தான், தலையெழுத்து என்று சொல்லிப் பார்த்தான். பொறாமைதான் அது, வேறு பெயர் எதுவும் ஒட்டவில்லை.

அண்ணன் குடும்பத்தோடு இரண்டு வாரம் கோயில் சுற்றக் கிளம்பிய சமயத்தில் நிலத்தரகர் ஆரோக்கியராஜ் வந்தார். கம்பெனிக்கு இன்னும் இடம் தேவை, அடுத்த கட்டம் இந்தப் பக்கம்தான் என்றார். ஆனால் பயிர் நின்றால் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள், ஊர்ப் பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு என்று ஏற வேண்டும் என்றார். அன்றைக்கு சென்றாயன் சோற்றில் கை வைக்கவில்லை. ராஜாமணிக்குப் புரிந்துவிட்டது.

"பூவப் புடுங்கிப்புட்டா அவுங்க வூடு நம்ம வூடா ஆயிருமாங்க?" என்றாள்.

மறுநாள் ஜேசிபி வந்தது. பதினோரு வருஷத்துச் செடிகள், உச்சிவெயில் ஏறுவதற்குள் வரப்போரம் குவிந்தன. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து உள்ளதைத்தான் எழுதிக்கொண்டார், தரிசு என்று.

இரண்டு வாரம் கழித்துக் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. சுவரில் மாட்டிய வரைபடத்தில் அடுத்த கட்டம் கிழக்கே போயிருந்தது. அங்கே பெரிய புள்ளி ஒருவர் போன வருஷமே நூறு ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார், பாதி தென்னந்தோப்பு. அது பாசன நிலமாயிற்றே என்று சென்றாயன் எழுந்து கேட்டான். அந்த விதியைத் தளர்த்தியாகிவிட்டது என்றார் மேடையில் இருந்தவர். பிறகு எல்லோருக்கும் மிக்சர் பொட்டலம் கொடுத்தார்கள். சென்றாயன் அதைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

மறுநாள் காலை கார் வந்தது. மொட்டையடித்த தலையோடு இறங்கிய பச்சியப்பன் கிணற்றுச் சுவரில் கால் வைக்கவில்லை. காரின் கதவைப் பிடித்தபடி வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெலம் போனதுலருந்து காலையில எந்திரிச்சா எங்க போறதுன்னே தெரியல சென்றாயா" என்றார் கடைசியில். "ஒன்னயப் பாத்தா வயிறெரியும். நீதான் கொடுத்து வெச்சவன்னு நெனச்சுக்குவேன். ஒருநாளாவது, வாண்ணா, மடைய மாத்தி வுடுன்னு கூப்புட மாட்டியான்னுதான் இங்க வந்து நின்னுக்கிட்டிருந்தேன்."

அண்ணன் குவியலைச் சுற்றி நடந்தார். கிணற்றோரச் சேற்றில் கிடந்த ஒரு மல்லிகைத் தூர் மட்டும் இன்னும் காயாமல் இருந்தது. அதைச் சலவைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்க் காரின் முன்சீட்டில் வைத்தார்.

மூன்று மாதம் கழித்து, கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி அண்ணனிடம் கேட்க, சென்றாயன் நல்லம்பள்ளிக்குப் போனான். மாடி வீட்டு வாசலில், கார் நிற்கும் இடத்தில், பழைய பெயின்ட் வாளி ஒன்று இருந்தது. கார் வெளியே வெயிலில் நின்றது. பச்சியப்பன் குந்தி உட்கார்ந்து, செம்புத் தண்ணீரைக் கைவிரலால் தடுத்துத் தடுத்து, வேர் நோகாமல் வாளிக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

சென்றாயன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றான். அந்த வீட்டின் மாடியும் காரும் அவன் கண்ணில் படவே இல்லை. செடியில் ஏழு மொட்டு. இலைக்கு அடியில் எட்டாவதாக ஒன்று எட்டிப் பார்த்தது. வயிறு அடியிலிருந்து பற்றிக்கொண்டு எரிந்தது.