படகு கட்டினால்தான் பாடம்

ஐஸ்வர்யா டீச்சர் கையில் மாட்டும் ஆட்டுப் பொம்மைக்கு உடம்பு பழைய சாக்ஸ், கண்கள் இரண்டு சட்டைப் பொத்தான். அவள் எழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டியதும் பிள்ளைகள் வாசித்துவிட வேண்டும். தாமதித்தால் ஆடு அட்டையைத் தின்றுவிடும். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் நடக்கும் அந்தக் கோட்டைப்பட்டினத்துப் பள்ளியில், ஆட்டுக்கு இருந்த மரியாதை தலைமையாசிரியர் தங்கமுத்துவுக்குக்கூடக் கிடையாது.

ஆனால் செவ்வாயும் வியாழனும் ஆடு எடுபடாது. காலை மணி அடித்ததிலிருந்து பிள்ளைகளின் கண் ஜன்னலை விட்டு நகராது. கைதட்டிப் பார்த்தாள், பாடிப் பார்த்தாள், ஸ்டிக்கர் தருவதாக ஆசை காட்டினாள். ஒருநாள் ஜன்னலையே சாத்தினாள். பாதி வகுப்புக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. வெளியே போனவர்கள் மதிலோரம் நின்று கடலைப் பார்த்தார்கள்.

"அங்கிட்டு என்னத்தப் பாக்குற நஸ்ரின்?"

"அத்தா வந்துட்டாங்களான்னு, டீச்சர்."

நஸ்ரினின் அப்பா போகிற விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் காலை கரைக்கு வரும். ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கடலில்லாத திருமயத்துப் பக்கம் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஐஸ்வர்யாவுக்குத்தான் தெரியவில்லை. குறை தன் பாடத்தில் என்று எண்ணி, அந்த இரண்டு நாளுக்கென்றே புதுப் புதுப் பொம்மையாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

நஸ்ரின் சொன்ன பிறகு வேறு ஏற்பாடு செய்தாள். செவ்வாய், வியாழன் காலையில் கரும்பலகையில் ஒரு பக்கம் கரை, மறுபக்கம் பிள்ளைகளின் அப்பாக்கள் போன படகுகள். மாணவன் வெற்றிசெல்வனின் அம்மா செல்வராணி மீன் இறங்கும் இடத்தில் ஐஸ் அள்ளிப் போடுகிறவள். படகு வர வர ஐஸ்வர்யாவின் போனுக்குக் குரல் செய்தி அனுப்புவாள். வந்த படகின் பிள்ளை எழுந்து போய், படகிலிருந்து கரைக்குச் சாக்பீஸால் கயிறு இழுக்கும். எல்லாப் படகும் கட்டியானதும் ஆடு வரும். அதன்பிறகு ஒரு கண்ணும் ஜன்னல் பக்கம் போகாது.

ஐஸ்வர்யா தற்காலிக ஆசிரியை. வட்டாரக் கல்வி அலுவலர் ரெங்கராஜ் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் அடுத்த ஆண்டும் அவளுக்கு இங்கே வேலை. அவர் வருவதாகச் சொன்ன நாள் ஒரு வியாழக்கிழமை.

"போர்டுல படகெல்லாம் வேணாம்மா," என்றார் தங்கமுத்து. "போனை எங்கிட்டக் குடுத்துருங்க. வகுப்புல போன் இருந்தா அவருக்கு ஆகாது. ஆட்ட மட்டும் கொண்டு போங்க."

கொடுத்துவிட்டுப் போனாள்.

ரெங்கராஜ் கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஐஸ்வர்யா 'மா' அட்டையைத் தூக்கினாள். யாரும் வாசிக்கவில்லை. ஆடு அதைத் தின்றது. 'கா'வையும் தின்றது. ஆட்டை ஒருவரும் பார்க்கவில்லை. ரெங்கராஜ் பேனாவைத் திறந்து ஏதோ எழுதத் தொடங்கினார்.

இப்படியே போனால் ஆட்டுக்கு வயிறு நிறையும், தனக்கு வேலை போகும் என்று அவளுக்குத் தெரிந்தது. பொம்மையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ஒரு நிமிஷம் சார், இந்தா வாரேன்."

தலைமையாசிரியர் அறையிலிருந்து போனோடு திரும்பினாள். பின்னாலேயே ஓடிவந்த தங்கமுத்து வாசலில் நின்று வேண்டாமென்று தலையைத் தலையை ஆட்டினார். அவள் கரையை வரைந்தாள், படகுகளை வரைந்தாள். காத்திருந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். பிள்ளைகள் எழுந்து கயிறு கட்டினார்கள். நஸ்ரின் படகு மட்டும் மிச்சம். அதற்குச் செய்தி இல்லை.

நஸ்ரின் பாவாடை நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். ஐஸ்வர்யா ஸ்பீக்கரைப் போடாமல் செல்வராணியை அழைத்தாள்.

"அதா? இஞ்சின் மக்கர் பண்ணிருச்சாம் டீச்சர். நம்ம சொந்தக்காரப் படகு ஒண்ணு இழுத்துக்கிட்டு வருது. இந்தா, கண்ணுக்குத் தெரியுது. அவுக அத்தா நின்னுக்கிட்டு எல்லாரையும் வைஞ்சுக்கிட்டு வாராக."

ஐஸ்வர்யா ஸ்பீக்கரைப் போட்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா, நஸ்ரின் கேக்கட்டும்."

கேட்டுவிட்டு நஸ்ரின் பலகைக்குப் போனாள். தன் படகிலிருந்து கரைக்குக் கயிறு இழுக்கவில்லை. கடலில் இன்னொரு படகை வரைந்து, அதன் வாலில் தன் படகைக் கட்டினாள். திரும்பி வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஆடு 'மா'வத் தின்னுருச்சா டீச்சர்?"

"தின்னுருச்சே. நீங்க யாரும் சொல்லல."

"கக்கச் சொல்லுங்க. இப்பச் சொல்லுறோம்."

ஆடு கக்கியது. அதற்குமேல் அதற்கு ஓர் அட்டைகூடக் கிடைக்கவில்லை. மணி அடித்த பிறகும் வகுப்பு எழுந்திருக்கவில்லை.

ரெங்கராஜ் முதலில் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். பிறகு, "வகுப்புல போன் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு, தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார். படகு வர்ற செவ்வாய், வியாழன் காலையில மட்டுந்தான்."

"அப்ப செவ்வாய், வியாழன் காலையில போன் ஹெச்.எம். கையில இருக்கட்டும். படகு வந்தா அவரு வந்து சொல்லட்டும்." தங்கமுத்துவின் பக்கம் திரும்பினார். "அடுத்த வருஷமும் ஒண்ணும் ரெண்டும் இவங்ககிட்டயே இருக்கட்டும் சார்."

"நானும் அதத்தான் சார் சொல்லணும்னு இருந்தேன்," என்றார் தங்கமுத்து.

ரெங்கராஜ் பைக் சாவியை எடுத்தார். வாசலில் நின்று பலகையை இன்னொரு தரம் பார்த்தார்.

"அடுத்த விசிட் புதன்கிழமை வச்சுக்கிறேம்மா."