நாற்பத்திரண்டாவது குழாய்

கடல் நுண்பாசியின் உடலில் ஊறும் கொழுப்பு கடுங்குளிரிலும் உறைவதில்லை. அதற்கு எந்த மரபணு காரணம் என்று அந்த ஆய்வகத்தில் ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தவளை எல்லோரும் அக்கா என்றே அழைத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதமான குருவி அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஓயாத வாய், ஓயாத கால், அதனால் குருவி. அவள் அந்த ஒரு மரபணுவை முடக்கி வளர்த்த பாசியில் அந்தக் கொழுப்பு பாதியாகக் குறைந்துபோனது.

"நீ ஆறு வருஷம் தேடினதை இவ எட்டு மாசத்துல பிடிச்சுட்டாளே, கைராசிக்காரி!" என்று பேராசிரியர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். வயிறு எரிந்தது.

அங்கே ஒரு வழக்கம். வித்துக்கென்று வைத்த குழாயில் அப்படியே விட்டால் பாசி உணவு தீர்ந்து செத்துவிடும். மாதம் ஒருமுறை புதுக் குழாய்க்கு நாலு சொட்டு மாற்ற வேண்டும். யாருடைய முறையோ, அவரே எல்லோருடையதையும் மாற்றிவிடுவார். அன்று அக்காவின் முறை. நாற்பத்தொரு குழாய்களை மாற்றினாள். அடுத்தது அந்த மரபணு முடக்கிய பாசி; மேலே குருவியின் கிறுக்கல் எழுத்து. கை அதைத் தாண்டிப் போனது.

பொறாமை நம்மைப் பெரிய பாவம் எதையும் செய்யச் சொல்வதில்லை. ஒரு சின்ன வேலையைச் செய்யாமல் விடு என்றுதான் சொல்லும்.

பன்னிரண்டு நாள் கழித்து குருவி அழுத கண்ணோடு ஓடிவந்தாள்.

"அக்கா, பாசியைத் தின்கிற ஏதோ கிருமி என் குடுவை எல்லாத்துலயும் புகுந்துடுச்சு! ஒண்ணுகூட மிஞ்சல. இன்னொரு தடவை செஞ்சு காட்டினாத்தான் ஆய்விதழ்ல என் கட்டுரையைப் போடுவாங்களாம். நல்லவேளை, நீங்க மாத்தி வச்ச குழாய் இருக்கு."

"மாத்தலைம்மா."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்றால் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அக்கா ஒரு நொடி கண்ணை மூடினாள்.

"மறக்கல. உன்மேல வயித்தெரிச்சல். வேணும்னேதான் விட்டேன்."

குருவி வாயடைத்து நின்றாள். அந்த ஆய்வகம் அதுவரை பார்க்காத அதிசயம்.

பழைய குழாய் வெளுத்துக் கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் செத்த பாசியின் வெற்று ஓடுகள். நடுவே ஏழெட்டு உயிர்கள். அக்கா அவற்றைப் புது நீரில் விட்டாள். நலிந்த பாசிக்கு வெளிச்சம் ஆகாது என்று காகிதம் சுற்றி வைத்தாள். விடுமுறை நாளிலும் வந்து குலுக்கிவிட்டாள். ஒவ்வொரு தடவையும், "கடவுளே, அவளுது பிழைக்கணும்" என்று முணுமுணுத்தாள். இரண்டு மூன்று நாளில் அந்த வேண்டுதல் மெய்யாகவே நெஞ்சிலிருந்து வந்தது.

ஒன்பதாம் நாள் நீரில் அந்தப் பாசிக்கே உரிய மெல்லிய தேன் நிறம் தெரிந்தது. அக்கா ஓடிப்போய்க் குருவியை அழைத்துவந்தாள்.

குருவி குழாயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு இன்னும் கோபம் போகல."

"போகவேண்டாம்மா. இருக்கட்டும்."

"இது நல்லா வளர்ந்ததும் கொழுப்பைப் பிரிச்செடுக்கணும். தனியா செய்ய பயமா இருக்கு. கூட நிக்கிறீங்களா?"

"என்னைக்குன்னு மட்டும் சொல்லு," என்றாள் அக்கா.