மூன்றாவது கொலைக்கு நாலு நட்சத்திரம்

பத்திரிகை ஆபீசில் அவருக்கு 'ஒன்றரை' என்று பட்டப்பெயர். இருபது வருஷமாகச் சினிமா விமர்சனம் எழுதுகிறவர்; ஒன்றரை நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்கக் கை வராது. அப்படிப்பட்டவர், அஞ்சு பெண்களைக் கொன்ற அண்ணன் தம்பியைப் பற்றிய உண்மைக் கதைப் படத்துக்கு நாலு கொடுத்ததும் ஆபீசே மூக்கின்மேல் விரல் வைத்தது. 'மூன்றாவது கொலையில் மூச்சு விட மறந்துபோவீர்கள்' என்று எழுதியிருந்தார். படக் கம்பெனிக்காரர்கள் அந்த வரியை அவர் பெயரோடு போஸ்டரில் போட்டு ஊரெல்லாம் ஒட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு தையல்காரம்மா அவரைத் தேடி வந்தார். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. கழற்ற மறந்திருந்தார்.

"அந்த மூணாவது, எங்க அக்கா சார்."

ஒன்றரை அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

"சண்டைக்கு வரல. உங்க போஸ்டர் என் கடைக்கு எதிர்ல இருக்கு. மெஷின்ல உக்காந்தா அதுதான் கண்ணுல படுது. படம் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல. அக்காவை எப்படிக் காட்டியிருக்காங்க?"

அவர் வாயைத் திறந்தார். தம்பிக்காரன் சீட்டியடித்த மெட்டு, கதவிடுக்கில் விழுந்த வெளிச்சம், அண்ணன்காரனின் செருப்பு எல்லாம் அச்சடித்தாற்போல நினைவிருந்தது. அந்தப் பெண்ணின் முகம் மட்டும் வரவில்லை.

"நாளைக்குச் சொல்றேம்மா."

மறுநாள் காலைக் காட்சிக்குப் போய், கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தார். அக்கா வருவது நாலு நிமிஷம். முகம் தெரிவது பதினோரு விநாடி. பேசுவது ஒரே வார்த்தை: "யாரு?"

கடைக்கே போய் அதைச் சொன்னார். தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார்.

"அவ அப்படிக் கேக்கவே மாட்டா சார். 'தொறந்துதான் இருக்கு, வாங்க'ன்னுதான் சொல்லுவா. யார் வந்தாலும்."

ஒன்றரை மறுபடி எழுதினார். 'இரண்டாம் முறை பார்த்தேன். கொன்றவனின் செருப்பைக் காட்டிய நேரம்கூட இறந்தவளின் முகத்தைக் காட்டாத படம் இது. முதல் முறை அதைக் கவனிக்காதவன் நான்.'

மூன்றாம் நாள் பழைய போஸ்டர் மேலேயே அவர் பெயரோடு புதுப் போஸ்டர் ஏறியது: 'இரண்டாம் முறை பார்த்தேன்!'

கம்பெனிக்குப் போன் போட்டார். "நீங்க எழுதினதுதானே சார்? ஒரு எழுத்து மாத்தலையே," என்றார் மேனேஜர்.

மாத்தவில்லைதான்.

மத்தியானம் வாளியில் தண்ணீரும் ஒரு தகரத் துண்டுமாக அந்தச் சுவருக்குப் போனார். சுரண்டத் தொடங்கியதும் தையல்காரம்மாவும் ஒரு பழைய கத்தரிக்கோலோடு வந்து சேர்ந்தார். போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"யார் போஸ்டரை யார் கிழிக்கிறது?"

"என்னோடதுதாங்க," என்று ஒன்றரை தன் பெயரைக் காட்டினார். போலீஸ்காரர் படித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சுரண்டி முடிக்கும்வரை தையல்காரம்மா அக்காவைப் பற்றியே பேசினார். அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராதாம். தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாளாம். ஒன்றரை குறிப்பெடுக்கவில்லை.

அடுத்த வாரம் தையல்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. "இப்ப ஏதோ காமெடிப் படம் ஒட்டியிருக்காங்க சார். பார்க்கலாமா?"

"சுமார்தாம்மா."

"யாரும் சாகலையே?"

"ஒரு தாத்தா சாவாரு. வயசாகி."

"அது போகட்டும்," என்றார் தையல்காரம்மா.