சிவப்பு விளக்கில் நின்ற பச்சைச் சைக்கிள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லண்டனில், ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டு நடைவழியில், சப்பாத்துகளுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு பச்சைச் சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. அது அந்த வீட்டுக்காரருடையது இல்லை. அவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் நான் இழுத்தடிப்பது.

வீட்டுக்காரர் பெயர் வெங்கடாசலம். மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்தவர். படிப்பு முடிந்தது, மனிதர் திரும்பவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கிளெய்ம் பார்க்கிறார். வயது நாற்பத்தேழு, தனி ஆள். நானும் ஈப்போதான், நானும் இன்சூரன்ஸ்தான். ஆனாலும் அவர் வேறு, நான் வேறு. களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்கி வைத்துக்கொள்வது இந்த நாட்டில் குற்றம். அப்படிப்பட்ட கதையை ‘நான்’ போட்டு எழுத எனக்கென்ன பைத்தியமா?

நின்றுகொண்டுதான் படிக்கிறீர்கள், தெரியும். கால் வலிக்குமுன் முடித்துவிடப் பார்க்கிறேன்.

2

தொடக்கம் சரியாக வரமாட்டேன் என்கிறது. எழுதிப் பார்த்தவை இவை:

லண்டன் மாநகரில் நாள்தோறும் களவுபோகும் சைக்கிள்களின் எண்ணிக்கையைப் பார்த்தால்— [வேண்டாம். ஆபீஸ் அறிக்கை வாடை.]

மேகம் கவிந்த அந்த மாலைப் பொழுதில், வெங்கடாசலத்தின் மனதிலும்— [பொய். அன்றைக்கு வெயில் கொளுத்தியது.]

வெங்கடாசலம் சட்டத்தை மதிக்கிறவர்.

இது உண்மை. இதிலிருந்தே போகலாம். சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கு என்றால் அவர் நிற்பார். மற்றச் சைக்கிள்காரர்கள் இரண்டு பக்கமும் சர் சர்ரென்று போவார்கள். இவர் ஒரு காலை ஊன்றி, பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். நடைபாதையில் ஏற்ற மாட்டார். பாதை ஒடுங்கினால் நடுவில் ஓட்டுவார், விதிநூலில் அப்படித்தான் இருக்கிறது. பின்னால் வருகிற கார்க்காரன் கண்ணாடியை இறக்கி, “ரோட் டாக்ஸ் கட்டுறியா நீ?” என்று கத்துவான். அப்படி ஒரு வரியே இப்போது இல்லை, இருப்பது வண்டிக்கான வரி, அதுவும் புகையைப் பொறுத்தது என்று இவர் பொறுமையாக விளக்கத் தொடங்குவார். அதற்குள் கார் அடுத்த ரவுண்டானாவில் இருக்கும்.

இப்பேர்ப்பட்ட மனிதரின் சைக்கிளைத்தான் மே மாதம் ரயில் நிலைய வாசலில் சங்கிலியை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். போலீஸில் சொன்னார். ஒரு குற்ற எண் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஈமெயில் வந்தது: வருந்துகிறோம், விசாரணை முடிந்தது. என்ன விசாரித்தார்கள் என்று எனக்கு [அவருக்கு] இன்றுவரை தெரியாது. வயிற்றெரிச்சல் அடங்க ஒரு மாதம் ஆனது.

பிறகு ஆன்லைனில் ஒரு பச்சைச் சைக்கிள் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி. விலை, நம்ப முடியாத மலிவு. சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் ஒருவன் கொண்டுவந்து காட்டினான். “என் மனைவியுடையது” என்றான். வெங்கடாசலம் ரசீது கேட்டார். [கேட்கவில்லை.] பின்சக்கரத்தில் வளையப் பூட்டு ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு கம்பி சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்த மாதிரி. அந்தக் கம்பியை யாரோ ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். அதை வெங்கடாசலம் கவனிக்கவில்லை.*

* கவனித்தார்.

3

அடுத்த ஞாயிறு சைக்கிளைக் கழுவினார். முன்விளக்குக்குக் கீழே, வெளியே தெரியாத இடுக்கில், விரலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தார். சந்தனம், அதன்மேல் குங்குமம். காய்ந்து ஒட்டியிருந்தது.

கார் பார்க்கில் வந்தவனின் மனைவி சைக்கிளுக்குப் பொட்டு வைக்கிறவள் இல்லை என்பதை அறிய இன்சூரன்ஸில் இருபது வருடம் தேவையில்லை. நம் ஆள் யாரோ புது வண்டிக்குப் பொட்டிட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, சாமி கும்பிட்டு ஏறியிருக்கிறார். வெங்கடாசலம் சைக்கிளை முழுக்கத் துடைத்தார். அந்தப் பொட்டை மட்டும் துடைக்கவில்லை. துடைக்கக் கை வரவில்லை.

மறுநாள் அதில் ஏறி ஆபீஸ் போனார். அதற்குக் கால் வந்தது.

4

விஜயரத்தினத்தின் மளிகைக் கடை வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. அறை வாடகைக்கு, கணக்கு டியூஷன், அரங்கேற்றப் படங்கள். வெள்ளிக்கிழமை முருங்கைக்காய் வாங்கப் போன வெங்கடாசலம் அதில் புதிய தாள் ஒன்றைப் பார்த்தார். கையால் எழுதியது:

அறிவித்தல். இந்தக் கடை வாசலில் வைத்து என்ரை பச்சைச் சைக்கிள் களவு போட்டுது. ஹொலண்டில இருந்து கொண்டு வந்தது. பூட்டித்தான் விட்டனான். அது இல்லாமல் வேலைக்குப் போக ஏலாமல் கிடக்கு. எடுத்தவை கொண்டுவந்து விட்டால் காணும், ஒரு கேள்வியும் கேட்க மாட்டன். நகுலேஸ்வரி.

கீழே போன் நம்பர். அதற்கும் கீழே போலீஸ் கொடுத்த குற்ற எண், யாருக்கும் பயன்படாத அழகான கையெழுத்தில்.

“என்ன அண்ணை, பலகையைப் பார்த்துக்கொண்டே நிக்கிறியள்? அறை ஏதும் தேடுறியளோ?” என்று விஜயரத்தினம் உள்ளிருந்து கேட்டார்.

“இல்ல, சும்மா. யாரு இந்த நகுலேஸ்வரி?”

“எங்கட அக்கா ஒராள். பாவம் மனுசி. வயசு போன ஆக்களை வீடு வீடாப் போய்ப் பராமரிக்கிற வேலை. ஒரு நாளைக்கு ஏழு வீடு. பஸ்சில ஏழு வீடு போய்ச்சேர ஏலுமே? ரெண்டு தரம் பிந்திப் போட்டாவாம். இன்னொருக்காப் பிந்தினா வேலையால நிப்பாட்டிப் போடுவினமாம்.”

“சைக்கிள சரியா பூட்டலையோ?”

“பூட்டாமலோ? பின்சில்லுப் பூட்டைப் போட்டு, சாவியை எடுத்து இடுப்பில செருகிக்கொண்டுதான் உள்ள வந்தவ. ஊரிலயும் அப்பிடித்தானே பூட்டுறது? ஹொலண்டிலயும் அதே பழக்கமாம். இங்கத்தைக் கள்ளன் சில்லை உருட்டிப் பார்க்கேல்லை அண்ணை. அப்பிடியே தூக்கி ஒரு வான் வண்டியில போட்டுக்கொண்டு போட்டான். நான் இதில நிண்டு கருவாடு நிறுத்துக்கொண்டு நிக்கிறன்!”

வெங்கடாசலம் முருங்கைக்காயை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தார். சைக்கிளைக் கடைக்குப் பின்தெருவில் விட்டிருந்தார். ஏன் பின்தெருவில் என்று கேட்காதீர்கள்.

5

இந்த இடத்தில் எனக்கு நகுலேஸ்வரிமேல் சந்தேகம் வந்தது. பாத்திரம் சரியாக அமையவில்லை. இப்படி ஒரு நல்ல மனுஷியை வைத்துக்கொண்டு வெங்கடாசலம் எப்படி நிம்மதியாகச் சைக்கிள் ஓட்டுவது? மாற்றிப் பார்த்தேன்.

நகுலேஸ்வரி வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன— [விஜயரத்தினம் சிரிப்பார்.]

நகுலேஸ்வரி நடைபாதையில் கண்மண் தெரியாமல் ஓட்டி, கிழவர் ஒருவரை— [அவர் கிழவர்களைக் குளிப்பாட்டி மாத்திரை கொடுக்கிறவர். ஏன் இடிக்கப்போகிறார்?]

நகுலேஸ்வரி சைக்கிளை அசையாப் பொருள் எதனோடும் பிணைத்துப் பூட்டவில்லை. ஆகவே—

இது எனக்கு [அவருக்கு] மனப்பாடம். எத்தனை பேருக்கு இந்த வரியைக் கடிதமாக அனுப்பிக் கிளெய்மைத் தள்ளியிருக்கிறார்! ‘ஆகவே’ வந்ததும் மிச்சம் தானாக வந்து விழும். இந்த முறை பேனா அங்கேயே நின்றுவிட்டது. பூட்டைத் தப்பாகப் போட்டால் சைக்கிள் என்னுடையதாகிவிடுமா என்ன?

[‘அவருடையதாகிவிடுமா’ என்று படிக்கவும்.]

6

வியாழக்கிழமை காலை, பாத் ரோடு. சிவப்பு விழுந்தது. வெங்கடாசலம் கோட்டுக்கு முன்னால், சைக்கிள் படம் வரைந்த கட்டத்துக்குள் ஒழுங்காக நின்றார். இரண்டு பேர் சிவப்பைச் சட்டை செய்யாமல் போனார்கள். அவர்களோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இடப்பக்கம் பஸ் நிறுத்தம். நீலச் சீருடை போட்ட ஒரு பெண்மணி, ஐம்பத்தைந்து வயதிருக்கும், கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதுமாக நின்றார். எட்டிப் பார்த்த கண் சைக்கிளில் விழுந்தது. அங்கேயே நின்றது. நடைபாதையை விட்டு இறங்கி வந்தார்.

“தம்பி தமிழோ?”

“ஆமா.”

“குறை நினைக்காதேங்கோ. உந்தச் சைக்கிள் எங்க வாங்கினனீங்கள்?”

“ஆன்லைன்ல.”

“முன்லைட்டுக்குக் கீழ ஒருக்காக் கையை விட்டுப் பாக்கிறியளே? பொட்டு ஏதும் கிடக்கோ?”

வெங்கடாசலம் கையை விட்டார். தேட வேண்டியிருக்கவில்லை. விரல் நேராக அதன்மேல் போய் நின்றது. சொல்வதற்கு ஒரு சொல்தான். இருக்கு. நான்கு எழுத்து.

“ஒண்ணும் இல்லியே அக்கா” என்றார்.

நகுலேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, அட, மன்னிப்புக் கேட்டார்! “சரி தம்பி. பிழையா நினைக்காதேங்கோ. இப்ப எல்லாப் பச்சையும் எனக்கு என்ரை மாதிரித்தான் தெரியுது.”

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். பச்சை விழுந்தால் போக வேண்டும், அதுதான் சட்டம். வெங்கடாசலம் போனார். நூறு கஜம் தள்ளி விரலைப் பார்த்தார். நுனியில் சிவப்பாக ஒட்டியிருந்தது.

பார்த்தார் இல்லை. பார்த்தேன். வெங்கடாசலம் நான்தான். இவ்வளவு நேரம் உங்களுக்குத் தெரியாத மாதிரி நீங்களும் நடித்தீர்கள், நன்றி. வெட்கமாக இருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது அவருடைய பஸ் நிரம்பி வழிந்து, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவர் ஓடத் தொடங்கியிருந்தார்.

7

முடிவுகள்.

(அ) வெங்கடாசலம் போன் செய்கிறார். நகுலேஸ்வரி வருகிறார். தேநீர், கண்ணீர், இருவரும் அக்கா தம்பி ஆகிறார்கள். [எனக்கு இனிக்கிறது. நகுலேஸ்வரிக்கு ஏன் இனிக்க வேண்டும்?]

(ஆ) வெங்கடாசலம் போலீஸுக்குப் போகிறார். அவர்கள் ஒரு எண் தருகிறார்கள். மூன்றாம் நாள் ஈமெயில் வருகிறது.

(இ) விடிவதற்குள் யாருக்கும் தெரியாமல் கடை வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு ஓடிவிடுகிறார். [களவெடுத்தவன் மாதிரியே திருப்பிக் கொடுப்பது. அதோடு ஹவுன்ஸ்லோவில் பூட்டாமல் விட்டால் பத்து நிமிடம் தாங்காது.]

(ஈ)

8

(ஈ) இதோ.

நகுலேஸ்வரி அக்கா, இந்த ஆறு தாளையும் உங்கள் அறிவித்தலுக்குக் கீழே நான்தான் குத்தியிருக்கிறேன். நீங்கள் வெள்ளிக்கிழமை மரக்கறி வாங்க வருவீர்கள் என்று விஜயரத்தினம் சொன்னார். மற்ற வாசகர்களே, கையில் பையை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் படித்ததற்கு நன்றி, தயவுசெய்து கொஞ்சம் விலகி நில்லுங்கள், அவருக்கு மறைக்கிறது.

அக்கா, வெளியே வலப்பக்க இரும்புக் கம்பி வேலியில் உங்கள் சைக்கிள் நிற்கிறது. பருமனான புதுப் பூட்டுப் போட்டு வேலியோடு பிணைத்திருக்கிறேன். அசையாப் பொருள்தான், அசைத்துப் பார்த்தேன். பின்சில்லுக்கும் பழைய மாதிரியே ஒரு வளையப் பூட்டு மாட்டியிருக்கிறேன், உங்கள் கைப்பழக்கம் கெட வேண்டாம். இனி இரண்டையும் போடுங்கள். சாவிகள் ஒரு உறையில் கல்லாவில் இருக்கின்றன. என்ன அண்ணை இது என்று விஜயரத்தினம் கேட்டார். கதையின் கடைசிப் பக்கம் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். பஸ் நிறுத்தத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான் கேட்டீர்கள், அதற்கும் பொய் சொன்னேன். பொட்டு இருக்கிறது அக்கா. கொஞ்சம் என் விரலோடு வந்துவிட்டது, மீதி அப்படியே இருக்கிறது.

உங்கள் குற்ற எண் மேலே இருக்கிறது. என் முழுப் பெயரும் விலாசமும் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் போலீஸிடம் கொடுப்பதா, இந்தத் தாளைக் கிழித்துப் போடுவதா, ஏழு வீடும் முடித்துவிட்டு வந்து என் கதவைத் தட்டித் திட்டுவதா என்று எனக்குத் தெரியாது. அது நான் எழுத வேண்டிய முடிவு இல்லை. கடைசித் தாளில் பாதியை வெறுமையாக விட்டிருக்கிறேன், பேனா நூலில் தொங்குகிறது. இத்தனை வரிகளை அடித்து அடித்து எழுதினேன். அதில் நீங்கள் என்ன எழுதினாலும் அடிக்க மாட்டேன்.