மூன்றாவது பாய்மரம்

கேப்டன் ஜாபெஸ் பிக்மன் மேற்கிந்தியச் சர்க்கரைத் தீவுகளுக்குக் கப்பலேறிய அதே செவ்வாய்க்கிழமை, அவருடைய ஓவியத்தில் இருந்த கப்பலும் புறப்பட்டுவிட்டது. அது 1763ஆம் ஆண்டு. அமெரிக்கக் கரையிலிருந்த மார்பிள்ஹெட் துறையில் அன்று கருவாட்டு விலை சரிந்திருந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஓவியத்தை வரைந்தவர் ரூஃபஸ் டல், கடலோர ஊர்களில் வீடு வீடாகத் தங்கி முகம் வரைகிறவர். கேப்டன் என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், தோளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல், ஜன்னலில் அவர் ஓட்டும் கப்பல். அந்தக் கரையில் அதுதான் வழக்கம். ஜாபெஸின் கப்பலுக்கு இருந்ததோ இரண்டே பாய்மரம். "மூணாப் போடுங்க. நீங்க என்ன மரமா வெட்டப்போறீங்க?" என்றார் அவர். ரூஃபஸும் போட்டுக்கொடுத்தார். "நடுவீட்ல பொய்ய மாட்டச் சொல்றீங்களே," என்று சிரித்துக்கொண்டேதான் கேப்டனின் மனைவி கெசாயா அதைக் கணப்புக்கு மேலே மாட்டினாள்.

அந்த மூன்று மரக் கப்பல் மூன்று நாள் ஜன்னலில் ஊர்ந்து, நான்காம் நாள் ஓரத்தில் மறைந்தது. பிறகு ஜன்னலில் வெறும் கடல். கேப்டனின் கடிதங்கள் முதல் குளிர்காலத்தோடு நின்றுபோயின. புயல் என்றார்கள், கொள்ளைக்காரர்கள் என்றார்கள். மூத்த நாத்தனார் ஹுல்டா துக்கத்துக்குக் கறுப்பு உடை தைத்துக்கொண்டு வந்தாள். "இத உடுத்துனா நானே அவரக் கடல்ல தள்ளின மாதிரி ஆயிடும் அண்ணி," என்று கெசாயா அதை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். ஏழு வருஷம் தகவல் இல்லாதவன் செத்தவன் என்பது சட்டம். அந்த ஏழு வருஷம் முடியட்டும் என்று கயிறு திரிக்கும் ஏமஸ் கெட்னி காத்திருந்தார். மனைவியை இழந்தவர், கெசாயாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர், நல்ல மனிதர். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏழாம் வருஷம், ஆப்பிள் வற்றல் போடும் நாட்களில், ஜன்னல் கடலின் கோடியில் ஒரு புள்ளி தெரிந்தது. ஈ எச்சம் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. மறுநாள் அது கடுகளவு. வெள்ளிக்கிழமை பாய் தெரிந்தது. ஊரே வந்து பார்த்தது. ஏமஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க கெசாயா. இது வேற கப்பல். ரெண்டு மரந்தான் இருக்கு."

"அவரு ஓட்டுனது ரெண்டு மரந்தானே. மூணாவது வெறும் வாய்ச்சவடால்," என்றாள்.

ஏமஸ் அவளுக்காகத் துறைக்குப் போய், சனிக்கிழமை பொழுது சாயும்வரை கடலையே பார்த்து நின்றார். ஓவியத்தில் கப்பல் நங்கூரம் போட்டு ஒரு படகையும் இறக்கிவிட்டது. துறைக்கு வந்தவையெல்லாம் மீன்பிடிப் படகுகள்தான். அவர் தலை குனிந்தபடி வீட்டுக்குப் போனார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கெசாயா திரும்பியபோது ஓவியத்து நாற்காலியில் இருந்தவருக்குத் தாடி நரைத்திருந்தது. ஒரு காலில் செருப்பில்லை. கோட்டு தெப்பலாக நனைந்து, ஓவியத்தின் மரச்சட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் முதலில் கணப்பில் விறகை அடுக்கித் தீயைத் தூண்டினாள். சொட்டுகிற இடத்தில் ஈயப் பாத்திரத்தை வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? இவ்வளவு தூரந்தான் வர முடிஞ்சுதா?"

பெட்டியைத் திறந்து கறுப்பு உடையை எடுத்து உடுத்திக்கொண்டாள். ஏழு வருஷத்தில் அவள் இளைத்திருந்ததால் இடுப்பில் தொளதொளத்தது.

மூன்று நாள் சொட்டியது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சியதில் இரண்டு கைப்பிடி உப்பு கிடைத்தது. அந்தக் குளிர்காலத்து மீனுக்கு அது போதுமாயிருந்தது.